ஆற்றுக்கு முதுகு காட்டி நிற்கும் ஊர்



நீளமான பதிவு. முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள், பரவாயில்லை.

ஒவ்வொரு தவணையும் பெற்றோர் கூட்டத்தில் ஒரே முறைப்பாடுதான் வருகிறது. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அஹ்லாக் இல்ல டீச்சர். ஒரு ஹஸ்ரத்தக் கூப்பிட்டு பயான் ஒண்டு வைங்களேன்." வைக்கிறோம். பிள்ளைகள் ஒரு மணித்தியாலம் அமைதியாக இருந்து கேட்கிறார்கள். முடிந்ததும், கையில் கொடுத்த பனிஸைச் சாப்பிட்டுவிட்டு அதன் உறையை கானுக்குள் போட்டுவிட்டு வகுப்புக்குப் போகிறார்கள். பயானில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு பயான் வருடத்தில் இரண்டு நாள். கான் வருடத்தில் 365 நாள். எது ஆழமாகப் பதியும் என்று நீங்களே சொல்லுங்கள்.

கல்வியியற் கல்லூரியில் எங்களுக்கு "மறைகலைத்திட்டம்" என்று ஒரு விடயம் படிப்பித்தார்கள். பாடப்புத்தகத்தில் எழுதாமலேயே பாடசாலை பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும் பாடங்கள்: வரிசையில் நிற்பது, பொறுத்திருப்பது, யாருடைய பேச்சு எடுபடும், யாருடையது எடுபடாது என்பதைக் கண்டுகொள்வது. பிலிப் ஜாக்சன் என்ற அமெரிக்கர் 1968இல் அந்தப் பெயரை வைத்தார். ஆனால் இதைக் கேட்க நாம் சிக்காகோவுக்குப் போகத் தேவையில்லை. 1377இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன், மனிதனை ஆக்குவது அவன் பிறந்த இயல்பைவிட அவன் பழகிய பழக்கங்கள்தான் என்பதை அந்த நூலின் அடிக்கல்லாகவே வைத்திருக்கிறார். ஒரு ஊரின் காலநிலை, சாப்பாடு, தொழில், வாழும் முறை எல்லாம் அங்குள்ள மனிதர்களின் குணமாக மாறுகின்றன என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார். அவருடைய பெயரை நாம் மேடையில் பெருமைக்குச் சொல்கிறோம். அவர் சொன்னதை வைத்து நமது ஊரைப் பார்ப்பதில்லை.

நான் பார்க்கப்போகிறேன்.

அக்குறணைக்கு வெளியிலிருந்து வரும் ஒருவருக்குத் தெரிவது ஏ9 வீதி. இரண்டு பக்கமும் கடைகள், கண்ணாடி, டைல்ஸ், விளக்கு. மாஷா அல்லாஹ், கண்டியிலிருந்து பத்துக் கிலோமீட்டரில் இப்படி ஒரு வியாபாரப் பட்டினம். இனி கடையின் பின்பக்கம் போங்கள். அங்கே பிங்கா ஓயா. கடையின் முன்பக்கத்தைக் காலையில் இரண்டு தரம் கழுவுகிறோம். கழுவிய தண்ணீரும் கழிவும் பின்பக்கக் குழாய் வழியாக ஆற்றுக்குப் போகின்றன. ஊர் முழுவதும் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. வாப்பாவின் கடையில் வளரும் பிள்ளை இந்த முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தினமும் பார்க்கிறது. பிறர் பார்க்கும் இடத்தில் ஒரு மாதிரி, பார்க்காத இடத்தில் வேறு மாதிரி. இதற்கு நமது மார்க்கத்தில் என்ன பெயர் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதே பிள்ளை பரீட்சையில், நான் மறுபக்கம் திரும்பியதும் பக்கத்துத் தாளைப் பார்த்தால் மட்டும் நமக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

இப்போது வெள்ளத்துக்கு வருவோம். மழை பலத்தால் அக்குறணைக் கடைத்தெருவில் தண்ணீர் ஏறுகிறது, கண்டி மாத்தளை போக்குவரத்து நிற்கிறது, கடைகளுக்குள் சாமான் நனைகிறது. ஒரு தடவை இரண்டு தடவை நடந்த கதை அல்ல இது. ஒவ்வொரு முறையும் நாம் சொல்வதும் ஒன்றுதான். "இந்த முறை மழை கூட." சிலர், "அல்லாஹ்வின் சோதனை" என்கிறார்கள். மழை அல்லாஹ்வுடையது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஆற்றுக்குள் நிற்கும் கொங்கிரீட் தூணுக்கு பிளான் போட்டது யார்?

இது பெரிய விஞ்ஞானம் இல்லை, தரம் 8 பிள்ளைக்கு விளங்கும். ஊர் ஒரு குறுகிய பள்ளத்தாக்கில் இருக்கிறது. இரண்டு பக்க மலைகளிலும் மரம் குறைந்து வீடும் கூரையும் முற்றமும் கூடினால், முன்பு மண்ணில் ஊறிய தண்ணீர் இப்போது ஊறாமல் ஒரேயடியாக இறங்கும். அது வந்து சேரும் ஆற்றின் அகலத்தை நாம் குறைத்துவிட்டோம். அதே அளவு தண்ணீர், குறைந்த அகலம். வேறு வழி இல்லை, உயரத்தான் செய்யும். அதற்கு மேல், பாலத்தின் கீழும் தூண்களிலும் சொப்பிங் பேக், பம்பர்ஸ், ரிஜிபோம் துண்டு, பழைய மெத்தை எல்லாம் போய்ச் சிக்கினால், ஓடும் ஆறு ஒரு மணித்தியாலத்தில் அணைக்கட்டாகிவிடும்.

யாரும் ஆற்றைக் கொள்ளையடிக்கவில்லை. அதுதான் இதில் பயங்கரமான விடயம். ஏ9 ஓரத்தில் ஒரு பேர்ச் காணியின் விலை எல்லோருக்கும் தெரியும். கடையைத் திருத்தும்போது ஒருவர் பின்னால் ஒரு அடி தள்ளினார். பக்கத்துக் கடைக்காரர், அவர் தள்ளினாரே என்று அவரும் ஒரு அடி. அடுத்தவர் ஸ்டோர் ரூமுக்கு ஒரு தூண். மகன் பொறுப்பெடுத்ததும் இன்னும் ஒரு அடி. ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால், "நான் எடுத்தது ஒரு அடிதானே" என்பார். அது உண்மையும்கூட. ஒரு ஊரின் பழக்கம் இப்படித்தான் உண்டாகிறது. ஒருவரும் தீர்மானிக்காமலேயே எல்லோரும் சேர்ந்து ஆற்றை ஒரு கானாக்கி வைத்திருக்கிறோம்.

இதில் என்னைக் கூடுதலாக உறுத்துவது வேறு ஒன்று. நாம் வெள்ளத்துக்குப் பழகிவிட்டோம். வானம் கறுத்ததும் கீழ் ராக்கையிலிருக்கும் சாமானை மேலே தூக்குகிறோம். அடுத்த நாள் இளைஞர்கள் இறங்குகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், அந்தப் பிள்ளைகளைப் போல ஓடி உழைக்கும் பிள்ளைகளை நான் வேறெங்கும் கண்டதில்லை. சேறு அள்ளுகிறார்கள், சாப்பாடு சமைத்துப் பார்சல் கட்டுகிறார்கள், இனம் பாராமல் கொடுக்கிறார்கள். பணம் கேட்டால் கொழும்பிலிருந்தும் கட்டாரிலிருந்தும் வந்து கொட்டுகிறது. இந்த மூன்று நாள் கொடை மற்ற 362 நாளை மறைத்துவிடுகிறது என்று சொன்னால் கோபிப்பீர்கள். ஆனாலும் சொல்கிறேன். ஸதகா கொடுப்பது நமக்குப் பழக்கம், அது மிகப் பெரிய நிஃமத். அந்தப் பழக்கமே இப்போது நமக்கு மன்னிப்புக் கடிதம் மாதிரி ஆகிவிட்டது. இன்னொன்றையும் கவனியுங்கள். நிவாரணச் சாப்பாட்டுப் பார்சலின் லன்ச் சீட் எங்கே போகிறது? இறங்கிக்கொண்டிருக்கும் அதே வெள்ளத்தில்.

இனி எனக்கு வரப்போகும் பதில்கள். எல்லாம் முன்பே கேட்டவைதான்.

"பிரதேச சபை டிராக்டர் ஒழுங்கா வாறல்ல, குப்பைய எங்க போடச் சொல்றீங்க?" நியாயமான கேள்வி. சபை தன் வேலையைச் செய்ய வேண்டும், செய்யவைக்க வேண்டியது வாக்குக் கொடுத்த நாம். ஆனால் நமது வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் சமையலறைக் கழிவு. மரக்கறித் தோல், சோறு, மீன் முள்ளு. முற்றத்தில் ஒரு கொம்போஸ்ட் பீப்பாய் இருந்தால் அந்தப் பாதி டிராக்டருக்காகக் காத்திருக்கவே தேவையில்லை. மிச்சப் பாதியில் நாற்றம் இல்லை, ஒரு கிழமை வைத்திருக்கலாம். இரண்டையும் ஒரே பேக்கில் கட்டுவதால்தான் மூன்றாம் நாள் வீட்டில் வைக்க முடியாமல் இரவோடிரவாகப் பாலத்துக்குக் கொண்டுபோகிறோம். இரவில் ஏன் போகிறோம் என்பதையும் யோசியுங்கள். பகலில் போக வெட்கமாக இருக்கிறது. வெட்கம் ஈமானில் ஒரு கிளை என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். அந்த வெட்கம் இன்னும் மிச்சமிருக்கிறது, அதுவரை நல்லதுதான்.

"நாங்க மட்டுமா? கண்டி டவுன்ல பாருங்க." உண்மை. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கட்டிய கண்டி வாவியிலிருந்து வழியும் தண்ணீரைக் கொண்டுபோகும் மெத எல நகரத்தின் நடுவே எப்படி நாறுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். 1988இல் உலக மரபுரிமை நகரமான இடம் அது. அந்த ஓடை போய் விழுவதும் மகாவலியில்தான். கொஹாகொடைக் குப்பைமேடு இருப்பதும் மகாவலிக் கரையில்தான். குப்பைக்கு இனமில்லை, மதமில்லை. ஆனால் "அவனும் செய்கிறான்" என்பது தரம் 3 பிள்ளை என்னிடம் சொல்லும் பதில். அந்தப் பிள்ளைக்கு நான் என்ன சொல்வேனோ அதையே உங்களுக்கும் சொல்கிறேன்: அவனைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

மூன்றாவது பதிலை யாரும் வெளிப்படையாக எழுதமாட்டார்கள், தனிச் செய்தியில் அனுப்புவார்கள். "டீச்சர், இதப் பேசினா எங்கட கடைகள உடைக்கிறதுக்கு அவங்களுக்கு ஒரு காரணம் கிடைக்கும்." 2018 மார்ச்சில் திகனையில் தொடங்கி அக்குறணை வரை என்ன நடந்தது என்பதை நான் மறக்கவில்லை, உங்களை மறக்கச் சொல்லவுமில்லை. அந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. சட்டம் நமது கடைக்கு ஒரு அளவும் மற்றவர் கடைக்கு இன்னொரு அளவும் வைத்தால், அதை எதிர்த்து முதல் ஆளாக நானும் நிற்பேன். ஆனால் அந்தப் பயத்தைக் கொண்டுவந்து ஆற்றுக்குள் நிற்கும் தூணுக்குக் காவல் வைக்கக்கூடாது. தண்ணீர் அடையாள அட்டை கேட்பதில்லை. வெள்ளத்தில் முதலில் நனைவது அந்தத் தூண் வைத்த முதலாளியின் சாமானும் அல்ல. அவர் மேலே தூக்கிவிடுவார். நனைவது தாழ்வில் வாடகைக்கு இருக்கும் சின்னக் கடைக்காரர், ஓட்டோ ஓட்டுபவர், ஆற்றோர வீட்டில் தையல் மெஷினை நம்பிப் பிழைக்கும் ஒரு உம்மா. அவர்களும் எங்கட ஆட்கள்தானே?

மகாவலி என்றேன். பிங்கா ஓயா கட்டுகஸ்தோட்டையில் மகாவலியில் சேர்கிறது. கொஞ்சம் கீழே பொல்கொல்லை. 1976இலிருந்து அங்கே ஆற்றை மறித்து, மலையைக் குடைந்த சுரங்கத்தால் உக்குவளைக்குத் தண்ணீர் அனுப்புகிறார்கள். அங்கே மின்சாரம் எடுத்துவிட்டு, அந்தத் தண்ணீர் சுது கங்கை, அம்பன் கங்கை, போவதென்னை என்று போய், கலா வாவி வரைக்கும் வயலுக்குப் பாய்கிறது. ஏழாம் கட்டையில் ஒருவர் பாலத்தால் எறிந்த பேக் அவருடைய கண்ணிலிருந்துதான் மறைகிறது. பிறகு அது பொல்கொல்லை அணைக்கட்டில் மிதக்கிறது. அதிலிருந்து கரைந்தவை யாரோ ஒரு விவசாயியின் வயலுக்குப் போகின்றன. மேலே இருக்கும் நாம் மலைநாட்டுக்காரர். இந்த நாட்டின் தண்ணீர் நமது கையைக் கழுவித்தான் கீழே போகிறது. தண்ணீர் எடுக்கும் துறையையும் மனிதர் நடக்கும் வழியையும் அவர்கள் ஒதுங்கும் நிழலையும் அசுத்தப்படுத்துவதை நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் எவ்வளவு கடுமையாகத் தடுத்தார்கள் என்பதை உலமாக்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். அதை மிம்பரில் ஒரு ஜுமுஆவுக்குச் சொல்லுங்கள். பெயர் சொல்லாமல், ஆனால் பிங்கா ஓயா என்ற பெயரை மட்டும் சொல்லி.

இப்னு கல்தூன் முஹ்தஸிபைப் பற்றியும் எழுதியிருக்கிறார். பழைய முஸ்லிம் நகரங்களில் சந்தையையும் வீதியையும் கண்காணிக்கும் அதிகாரி அவர். வழியை மறிப்பவரைத் தடுப்பது, விழப்போகும் கட்டடத்தை உடைக்கச் சொல்வது, சுமை கூடிய படகை நிறுத்துவது எல்லாம் அவருடைய வேலை. யாரும் போய் முறைப்பாடு செய்யும்வரை அவர் காத்திருப்பதில்லை. பிள்ளைகளை அளவுக்கு மீறி அடிக்கும் ஆசிரியர்களைத் தண்டிப்பதும் அவருடைய பொறுப்பு என்று சேர்த்து எழுதியிருக்கிறார். அது எங்களுக்கு, ஏற்றுக்கொள்கிறேன். மிச்சம் உங்களுக்கு.

2017ஆம் ஆண்டை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று கொழும்பில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 32 பேர் மவுத்தானார்கள். அதே ஆண்டில் நாட்டில் 186,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது, 440 பேர் இறந்தார்கள். கண்டி மாவட்டமும் தப்பவில்லை, அந்த வருடம் எத்தனை கதிரைகள் வகுப்பில் வெறுமையாக இருந்தன என்று ஆசிரியர்களுக்கு ஞாபகம் இருக்கும். செப்டம்பர் முதலாம் திகதியிலிருந்து பொலித்தீன் லன்ச் சீட்டையும் ரிஜிபோம் பெட்டியையும் அரசாங்கம் தடை செய்தது. 2023 ஒக்டோபரில் ஸ்ட்ரோ, பிளாஸ்டிக் தட்டு, கரண்டியெல்லாம் சேர்ந்தன. சட்டம் வந்து இத்தனை வருடம். இன்று பகல் நீங்கள் வாங்கிய சோற்றுப் பார்சலைப் பிரித்துப் பாருங்கள்.

டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு கிழமை, பத்து நாள் எடுக்கும். அதாவது கிழமைக்கு ஒரு தரம், அரை மணித்தியாலம், யோகட் கப், சிரட்டை, கூரைப் பீலி, குளிர்சாதனப் பெட்டியின் பின் தட்டு எல்லாவற்றையும் பார்த்துத் தண்ணீரை ஊற்றிவிட்டால் அந்த வீட்டில் நுளம்பு பிறக்காது. மருந்து வேண்டாம், பணம் வேண்டாம், அரை மணித்தியாலம் போதும். அதை ஒரு நாள் செய்து பிரயோசனமில்லை, ஒவ்வொரு கிழமையும் செய்ய வேண்டும். அங்கேதான் நாம் தோற்கிறோம். பெருநாளைக்கு முதல் நாள் வீட்டைத் தலைகீழாகக் கழுவும் நமக்கு, வெள்ளிக்கிழமை அரை மணித்தியாலம் கையில் இல்லை.

பாடசாலையில் காலையில் பிள்ளைகள் வகுப்பைக் கூட்டுவார்கள். நாங்கள் படித்த காலத்தில் அது சாதாரணம். இப்போது சில பெற்றோர் வருகிறார்கள்: "எங்கட மகள் கூட்டுறதுக்கா ஸ்கூலுக்கு வாறா? ஸ்கொலர்ஷிப் வருஷம் டீச்சர்." அதே பெற்றோர்தான், உலகக் கிண்ணப் போட்டி முடிந்து ஜப்பான் ரசிகர்கள் மைதானத்தில் குப்பை பொறுக்கும் வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதுதான் இஸ்லாம், ஆனா அவங்க முஸ்லிம் இல்ல" என்று எழுதுகிறார்கள். அந்த ஜப்பான்காரர் வானத்திலிருந்து விழவில்லை. ஆறு வயதிலிருந்து தன் வகுப்பறையையும் நடைபாதையையும் தானே துடைத்து வளர்ந்தவர். விளக்குமாறு பிடித்த கை அது. வீடியோவை அனுப்பிவிட்டு மகளின் கையிலிருந்து விளக்குமாற்றைப் பிடுங்கினால் என்ன வரும்?

நமக்கு ஜப்பானும் தேவையில்லை. சஹன் நமது வழக்கம். ஆறு பேர் ஒரு தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டால் எறிவதற்கு என்ன இருக்கிறது? ஒரு தட்டு, அதைக் கழுவ வேண்டும், அவ்வளவுதான். மற்றவனுக்கு இறைச்சித் துண்டை ஒதுக்கி வைப்பதையும், தன் பக்கத்திலிருந்து எடுப்பதையும், கடைசி ஆள் முடிக்கும்வரை எழும்பாமல் இருப்பதையும் நம் பிள்ளைகள் அந்தத் தட்டில்தான் படித்தார்கள். இன்று வலீமாக்களில் சஹன் குறைந்துகொண்டு வருகிறது. பெட்டிச் சாப்பாடு, ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல், பாதி குடித்து வைத்துவிட்டுப் போகிறோம். மண்டபத்தின் பின்னால் அடுத்த நாள் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நோன்புக் கஞ்சியும் அப்படித்தான். அஸருக்குப் பிறகு சட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய் வரிசையில் நின்று வாங்கிவந்தோமே! சுடச்சுடச் சிந்தாமல் கொண்டுவருவதே ஒரு பயிற்சி. இப்போது பல இடங்களில் பேக்கில் கட்டித் தருகிறார்கள், வசதியாம். ஒரு மஹல்லாவில் 300 வீடு என்று வையுங்கள், 30 நாளைக்கு 9,000 பேக். பள்ளிவாசலின் கையால், ரமழானில், நோன்பு வைத்துக்கொண்டு.

பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டத்துக்குப் பெண்களுக்கு அழைப்பு இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இதை வாசிக்கும் நிர்வாகத்தினர் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும், உங்களில் சிலரின் பிள்ளைகள் என் வகுப்பில்தான் இருக்கிறார்கள். வரும் ரமழானில் சட்டி கொண்டுவருபவர்களுக்கு மட்டும்தான் கஞ்சி என்று ஒரு தீர்மானம் எடுங்கள். முதல் இரண்டு நாள் சண்டை வரும், மூன்றாம் நாள் எல்லோரும் சட்டியோடு வருவார்கள். வியாபாரிகள் சங்கத்தில் இருப்பவர்கள், அடுத்த மழைக்கு முன்பு கடைகளின் பின்பக்கத்தை ஒரு தடவை சேர்ந்து நடந்து பாருங்கள். யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம், அளவு நாடாவை மட்டும் கொண்டுபோங்கள். யாருடைய தூண் எத்தனை அடி உள்ளே நிற்கிறது என்று நாமாகவே எழுதி வைத்தால், பிரதேச சபையோடும் மற்ற அதிகாரிகளோடும் தலை நிமிர்ந்து உட்கார்ந்து பேசலாம். எடுக்க வேண்டியதை நாமே எடுக்கலாம், நட்டம் வரும் சின்னக் கடைக்காரருக்கு ஊர் சேர்ந்து ஈடு கொடுக்கலாம். வெள்ளம் வந்த பிறகு மூன்று நாளில் சேர்க்கும் பணத்தை, வெள்ளத்துக்கு முன்பு ஒரு மாதத்தில் சேர்க்க முடியாதா?

என் பக்கத்து வேலையை நான் தொடங்கிவிட்டேன். என் வகுப்பில் இந்தத் தவணையிலிருந்து லன்ச் சீட் கிடையாது, டிபன் பெட்டி மட்டும்தான். வெள்ளிக்கிழமைகளில் முதல் பாடவேளையில் பிள்ளைகள் பாடசாலைப் பீலியையும் கானையும் சுற்றிப் பார்த்து, தண்ணீர் தேங்கிய இடங்களைக் கொப்பியில் குறித்துக்கொண்டு வருவார்கள். முதல் கிழமை பதினொரு இடம். நேற்று நான்கு. ஸ்கொலர்ஷிப்புக்கு இது வராது என்று ஒரு தந்தை சொன்னார். வராதுதான்.

கொமெண்டில் "சரியாச் சொன்னீங்க டீச்சர்" என்று எழுத வேண்டாம். கடை வைத்திருப்பவர்கள் கடையின் பின்பக்கப் படம் ஒன்றைப் போடுங்கள்.